ஏரிக்கரைக் கல்லும் நம் வாட்ஸ்அப் குரூப்பும்

சென்னை, வேளச்சேரி

மாப்ளே,

முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே ரெண்டு நாளாக மழை. தெருவெல்லாம் தண்ணீர், குழாயில்தான் வரவில்லை. ஊர் குரூப்பில் எழுதினால் 'இனிய காலை வணக்கம்' படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால்தான் கடிதம்.

ஏரிக்கரை நடுகல் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். பொங்கலுக்கு வந்தபோது படம் எடுத்து, போகும் வழியையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டேன். 700 லைக். ஒருத்தன்கூட நேரில் வந்து பார்க்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். வந்தவன் ராத்திரியில் கடப்பாரையோடு வந்திருக்கிறான். அடியில் புதையல் இருக்குமாம்! ஊர் மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனிடம் என்ன பொன் இருந்திருக்கும்? நீ சொன்ன அன்றே வழியை எடுத்துவிட்டேன்.

அடுத்த கூத்து தெரியுமே. கல்லைச் சுற்றி டைல்ஸ், வீரனுக்கு எனாமல் பெயின்ட், மேலே தகரக் கொட்டகை போடுவதென்று குரூப்பில் முடிவு. துபாயிலிருந்தும் இங்கிருந்தும் ஒரே நாளில் பணம் சேர்ந்துவிட்டது. நல்ல மனசுதான். மணலைப் பீய்ச்சியடித்துக் கோயில் சுவரைச் சுத்தம் செய்து கல்வெட்டுகளை மழுங்கடித்தார்களே, அவர்களுக்கும் நல்ல மனசுதான். பெயின்ட் அடைத்துக்கொண்டால் எழுத்து இருந்தாலும் மைப்படி, அதாவது தாளில் மையால் ஒற்றி எடுக்கிற நகல், எடுக்க முடியாது.

குரூப்பில் 140 பேர் இருக்கிறோம். ஊரில் இருப்பவர்கள் 30 பேர் தேறுவார்களா? ஆடிக்கு ஆடி அந்தக் கல்லுக்குக் கூழ் படைக்கிற உன் அம்மா அதில் இல்லை. ஆடு மேய்க்கிறவர்களும் இல்லை. முடிவெடுத்தது இங்கே உட்கார்ந்திருக்கிற நாங்கள்.

ஸ்கூலில் நம்மை உத்திரமேரூர் கூட்டிப்போனார்களே, முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் வருஷக் கல்வெட்டு. நமக்குக் குடவோலை மட்டும்தான் மனதில் நின்றது. ஏரிக்கென்றே தனி வாரியம் வைத்திருந்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய சொந்தங்களும் மறுபடி வரக் கூடாது என்று அதில் விதி. நம் குரூப்புக்கு அதை வைத்தால் எத்தனை பேர் மிஞ்சுவோம்?

அதற்காகப் போனே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருட்டுப்போன ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தாரே, சிலை கோயிலில் இருந்தபோதே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த படம்தான் அதற்குப் பெரிய சாட்சி. நீயும் எடு. காலை வெயில் சாய்வாக விழும்போது, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, நாலு பக்கமும். அப்போதுதான் எழுத்து எழும்பித் தெரியும். மாவு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதே. எனக்கு மட்டும் டாக்குமெண்டாக அனுப்பு, இல்லாவிட்டால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எழும்பூர் தொல்லியல் துறை அலுவலகத்துக்கு நானே கொண்டுபோகிறேன்.

அப்புறம், அந்த வீரன் கதையை அம்மாவைச் சொல்லச் சொல்லி வாய்ஸ் மெசேஜில் பிடி. குரூப்பில் அதைப் போடு. டைல்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று அம்மாவே சொல்லட்டும்.

வசூலான காசு என்னிடம்தான் இருக்கிறது. கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன், சரிபார்.

உன்
மச்சான்