ரம்பம் வாங்கிட்டேன் தாயி

தாயி, நேத்து நீ கோவத்துல போனை வச்சுட்டே. 63 வயசுல மெஷின் ரம்பம் எதுக்குப்பா, கமுதி காட்டுல இருக்கிற சீமைக்கருவைய ஆள விட்டு வெட்ட வேண்டியதுதானேன்னு நீ கேட்டதுக்கு எனக்கு அந்த நேரத்துல சரியா பதில் வரல, உங்கம்மாவும் பக்கத்துல நின்னு உன் பக்கமே பேசிக்கிட்டு இருந்தா. அதான் நிதானமா எழுதுறேன், உனக்கு லீவு நாள்ல படி.

ஆள் விட்டுப் பாக்காம இல்ல. போன வருஷம் கரிமூட்டம் போடுறவர் ஒருத்தர்ட்ட மூணு ஏக்கரையும் பேசி விட்டேன். வெட்டி மூட்டம் போட்டு கரிய ஏத்திட்டுப் போனாங்க, கையில கொஞ்சம் பணமும் குடுத்தாங்க, எனக்கும் அப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா தரையில இருந்து முக்கால் அடி விட்டு வெட்டிட்டுப் போயிருக்காங்க. ஐப்பசி மழை ஒண்ணு பேஞ்சது, அவ்வளவுதான், ஒவ்வொரு தூர்லயும் ஏழு எட்டு கொம்பா கிளம்பி தை மாசம் போயி பாத்தா தலைக்கு மேல நிக்குது. சீமைக்கருவைய அப்படி வெட்டுனா அது மறுபடி தழையும், நாலு வருஷத்துல திரும்ப வெட்டலாம், மூட்டம் போடுறவங்களுக்கு அதுல வருமானம். நமக்கு வேண்டியது வெள்ளாமை. அதுக்கு தூரோட போகணும், மண்ணுக்குள்ள ஒரு அடி வரைக்கும் தோண்டி எடுத்தாத்தான் அது மறுபடி துளுக்காது.

அப்ப ஜேசிபி மட்டும் விட்டா போதாதான்னு கேப்பே. மணிக்கணக்கு வாடகை தாயி, முள்ளும் மரமும் மண்ணும் ஒண்ணாச் சேத்துக் குமிச்சு வச்சுட்டா விறகும் காசாகாது. முதல்ல ரம்பத்துல கொம்பெல்லாம் அறுத்து விறகைப் பிரிச்சு, தூரை இடுப்பு உசரத்துக்கு விட்டு வச்சா ஜேசிபி அதைப் பிடிச்சு ஆட்டி வேரோட தூக்கிரும், வேலை பாதி நேரத்துல முடியும். அப்புறம் கிழக்கு வரப்புல இருக்கிற பனைமரங்க, அதுக்குப் பக்கத்துல வண்டிய விடவே மாட்டேன். பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல கவர்மெண்டே சொல்லிருச்சு, அனுமதி கிடைச்சாலும் தாத்தா வச்ச மரத்த நான் தொடுவனா.

ரம்பம் வாங்குனத பத்தி நீ கேக்கவே இல்லயே, அதையும் சொல்றேன். நெட்ல 58 சிசின்னு போட்டு ஆறாயிரத்து சொச்சத்துக்கு ஒண்ணு வருது, மாப்பிள்ளை கூட அதத்தான் அனுப்புனாரு. நான் வேணாம்னுட்டேன். 34 வருஷம் லேத்துல நின்னவன், சிசி பெருசா இருந்தா போதும்னு எனக்குத் தோணல. அது கமுதிக்குப் பக்கத்துல பொட்டக்காட்டுல நின்னு போச்சுன்னா ஸ்பேருக்கு எங்க போவேன். கோயமுத்தூர்ல வாங்குனாலும் அதே கதைதான், வீட்டுக்கும் காட்டுக்கும் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துல எவன் சர்வீஸ் பண்றானோ அவன்கிட்ட வாங்கணும்னு முடிவு பண்ணி மதுரையில வாங்குனேன். 45 சிசி, 18 இன்ச் பார், அதான் செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு. கடைக்காரர் ஸ்டார்ட் பண்ணி, ஓட்டி, செயின் பிரேக் போட்டுக் காட்டுனாரு, அப்புறம் பெட்ரோல் டேங்க், செயின் ஆயில் டேங்க் ரெண்டையும் காலி பண்ணச் சொன்னேன், பஸ்ல பெட்ரோலோட ஏத்தக்கூடாதில்ல. பாரைக் கழட்டி சாக்குல சுத்தி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மடியிலயே வச்சுட்டுப் போனேன். உபரியா ரெண்டு செயின், ஒரு பிளக், ஒரு ஏர் பில்டர், செயின் பல்லு தீட்ட 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம் மூணு வாங்கிட்டேன்.

அரத்த ஏன் மூணு வாங்குனேன்னா கருவை மரம் அம்புட்டு வைரம், அதோட தூர்ப் பக்கம் புழுதி அப்பியிருக்கும், ஒரு டேங்க் ஓடுறதுக்குள்ள பல்லு மழுங்கிரும். அறுக்கும்போது சுருள் சுருளா துண்டு விழுந்தா கூரா இருக்கு, மாவு மாதிரி தூள் கொட்டுச்சுன்னா நிப்பாட்டிரணும். மழுங்குன செயினை வச்சு அமுக்குறவனுக்குத்தான் கை தவறும். நான் ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊத்தும்போதும் உக்காந்து ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துருவேன், ஒரே கோணத்துல, உள்ள இருந்து வெளிய. இந்த ஒரு வேலையில என் கை இன்னும் பழைய கைதான்.

பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 2டி ஆயில் 20 மில்லி, கம்பெனி ஆயில்னாத்தான் இந்தக் கணக்கு. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, சும்மா கிடந்தா தண்ணிய இழுக்கும், அதனால ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னாடி டேங்கைக் காலி பண்ணி, கார்பரேட்டர்ல இருக்கிறதும் தீந்து அதா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு வைக்கிறேன்.

நீ பயப்படுறது எனக்குப் புரியுது. மறைக்காம ஒண்ணு சொல்றேன், ரெண்டாம் நாள் பார் நுனி மேல்பக்கம் உள்ள இருந்த ஒரு கொம்புல பட்டு ரம்பம் அப்படியே முகத்துப் பக்கம் எத்துச்சு. இடது கை முன்பிடிய பெருவிரல் சுத்தி இறுக்கிப் பிடிச்சிருந்ததால மணிக்கட்டு முன்னாடி இருக்கிற பிரேக் தகட்டுல பட்டு பிரேக் விழுந்து செயின் நின்னுருச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு அதோட நிப்பாட்டிட்டேன். மறுநாள்ல இருந்து சின்னையா முதல்ல அருவாளும் கவைக்கம்பும் வச்சு சுத்தி இருக்கிற முள்ளை இழுத்துப் போட்டு அடிமரம் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் நான் ரம்பத்தை எடுக்கிறேன். அவர் வராத நாள்ல நானும் காட்டுக்குள்ள போறதில்ல. காலையில ஆறுல இருந்து ஒம்பதரை வரைக்கும்தான், அப்புறம் வெயிலுக்கு ஆகாது.

ஆனா ஒண்ணு சொல்லணும் தாயி. அஞ்சாம் நாள் வடமேற்கு மூலையில அறுத்துக்கிட்டு இருக்கும்போது சின்னையா அண்ணே நிப்பாட்டுன்னு கத்துனாரு. முள்ளுக்கு நடுவுல, மாடு பூட்டி தண்ணி இறைக்க நட்ட கமலைக்கல்லு ரெண்டும் அப்படியே நிக்குது. கிணறு! நாங்க எல்லாரும் தூந்து போச்சுன்னு நினைச்ச கிணறு. கருவை வேர் சுவத்துல நாலு இடத்துல கல்லைப் பேத்துருக்கு, உள்ள முழுக்க குப்பையும் மண்ணும், ஆனா கட்டுமானம் நிக்குது. அந்தக் கல்லுமேல உன்னைய உக்கார வச்சு தாத்தா பிடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ இருக்கே, நீ பச்சைக் கவுன் போட்டு அழுதுக்கிட்டு இருப்பியே, அதே கல்லு. நான் ரம்பத்தைக் கீழ வச்சுட்டு ரொம்ப நேரம் அங்கனயே உக்காந்திருந்தேன். கூலி ஆளா இருந்தா அதுவரைக்கும் அறுத்து அந்த முள்ளை எல்லாம் கிணத்துக்குள்ளயே தள்ளிட்டுப் போயிருப்பாங்க.

இன்னும் ஒண்ணே முக்கால் ஏக்கர் பாக்கி. ஆவணிக்குள்ள முடிச்சு தூர் எடுத்து ரெண்டு உழவு போட்டா புரட்டாசியில நெல்லு புழுதி விதைப்பு விதைச்சிரலாம், மேட்டுப் பக்கம் அரை ஏக்கர் முண்டு மிளகாய். நம்ம மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க, ஆனா நம்ம காட்டுல மிளகாய் போட்டு 22 வருஷமாச்சு. மழைக்கு அப்புறம் கருவைக் கன்னு முளைச்சுக்கிட்டேதான் இருக்கும், ஆடு நெத்தைத் தின்னு போட்ட விதை எல்லாம் மண்ணுக்குள்ள கிடக்கு, விரல் நீளத்துல இருக்கும்போதே பிடுங்கணும், அதுக்கு சித்தியும் பிள்ளைகளும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

பணம் அனுப்பவான்னு கேட்டேல்ல, பணம் வேணாம். அங்க கனடாவுல மரம் அறுக்கிறவங்க ஒரு கால் கவசம் போடுவாங்களாமே, பேண்ட்டுக்கு மேல கட்டுறது, செயின் பட்டா உள்ள இருக்கிற நூல் எல்லாம் உருவிக்கிட்டு வந்து சக்கரத்துல சுத்தி ரம்பத்தை நிப்பாட்டிரும்னு மதுரைக் கடைக்காரர் சொன்னாரு, அவர்ட்ட ஸ்டாக் இல்ல. அதுல ஒண்ணு வாங்கி, அடுத்த மாசம் உன் பிரண்டு ஊருக்கு வரும்போது குடுத்து விடு. இடுப்பு 36, இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் 39 இன்ச், அம்மா டேப் வச்சு அளந்தா. சின்னையாவுக்கும் ஒண்ணு, அவரு என்னைய விட ரெண்டு இன்ச் உசரம்.

அப்பா