ரத்தக்கசிவு பக்கவாதம்: சேர்த்த பிறகும் கவனம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரிகிறது. சரி, அப்புறம்? மூளையில் ரத்தநாளம் வெடித்து வரும் பக்கவாதத்தில் சேர்த்த பிறகும் ஆபத்து தொடர்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் கசிவு இன்னும் பெரிதாகலாம். அதனால்தான் ஐசியுவில் அடிக்கடி எழுப்பிப் பெயர் கேட்கிறார்கள், கையைத் தூக்கச் சொல்கிறார்கள், கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தத்தின் மேல் அளவைப் பெரும்பாலும் 140-ஐ ஒட்டி வைக்கப் பார்ப்பதும் அதற்காகத்தான். "தூங்க விடாமல் படுத்துகிறார்களே" என்று செவிலியரிடம் கோபப்படும் உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் அந்தக் கோபமே வந்திருக்காது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் முக்கியம். விழுங்க முடிகிறதா என்று சோதிப்பதற்கு முன்பே பாசத்தில் ஊட்டும் ஒரு வாய் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகலாம். மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில் கசிந்திருந்தால், இரண்டு வாரம் வரை ரத்தநாளங்கள் சுருங்கும் அபாயம் உண்டு. நன்றாகப் பேசுகிறார் என்று வீட்டுக்கு அழைத்துப் போக அவசரப்படக் கூடாது.

டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு என்ன பயன்? திடீர்த் தலைவலி, வாந்தி, வலிப்பு, அரைமயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை வந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை எல்லா மருத்துவமனைகளும் தரும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி