கார் இரைச்சலுக்கு டயரை மாற்றுமுன் பேரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்தால் மதுரைப் பட்டறைகளுக்கு அடிக்கடி வரும் புகார், "அறுபதைத் தாண்டினாலே உர்ர்ர் என்று இரைகிறது, பக்கத்து சீட்டில் பேசுவது காதில் விழவில்லை" என்பது. "நாலு டயரையும் மாத்திடுங்க" என்றோ, "தரையிலும் கதவிலும் சத்தத்தை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டிடலாம்" என்றோ கையோடு பதில் சொல்லப்படுகிறது. சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்காமலே பல ஆயிரம் ரூபாய் போய்விடுகிறது. பேரிங் என்பது சக்கரம் இலகுவாகச் சுழல, இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பாகம். அது தேய்ந்துபோன வண்டிக்கு ஷீட் ஒட்டுவது ஆபத்தும்கூட. எச்சரிக்கும் சத்தத்தை மூடிவிட்டு அதே சக்கரத்தில்தான் குடும்பத்தோடு போகிறோம். வண்டிக்காரர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. அவற்றை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் இன்ஜின் பக்கமா, சக்கரத்தின் பக்கமா என்று பிரிக்க வேண்டும். திருமங்கலம் தாண்டி விருதுநகர் போகும் நாலுவழிச் சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு 70 கி.மீ. வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். இன்ஜின் வேகம் இறங்கியும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது சக்கரத்திலிருந்து வருவது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கவே கூடாது. பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக் கட்டையாகிவிடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அடுத்து ரோட்டைக் கவனியுங்கள். புதுத் தாரில் அடங்கி, ஜல்லி துருத்திய பழைய தாரிலும் சிமெண்ட் ரோட்டிலும் கூடினால் பெரும்பாலும் டயர். எந்த ரோட்டிலும் ஒரே சுருதியாக, வேகத்துக்குத் தக்கபடி மட்டும் ஏறி இறங்கினால் பேரிங் மேல் சந்தேகம் வர வேண்டும். ஆனால் ரம்பப் பல்லாகத் தேய்ந்த டயரும் அச்சு அசலாகப் பேரிங் போலவே இரையும். கைதேர்ந்தவர்களே ஏமாறுவது இங்கேதான்.

அந்தத் தேய்மானத்தைக் கண்ணைவிடக் கை நன்றாகக் கண்டுபிடிக்கும். வண்டியை நிறுத்தி, டயர் பட்டன்கள் (தரையைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) மேல் உள்ளங்கையை வைத்து முன்னிருந்து பின்னாக ஒருமுறை, பின்னிருந்து முன்னாக ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகப் போய், மறுபக்கம் வரும்போது ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையில் தட்டினால் ரம்பப் பல் விழுந்துவிட்டது. அலைன்மென்ட் (சக்கரங்களின் நேர்கோணம்) தப்பினாலும், ஷாக் அப்சார்பர் தளர்ந்தாலும், 10,000 கி.மீ.க்கு ஒருமுறையாவது டயரை இடம் மாற்றாவிட்டாலும் இப்படித்தான் தேயும். அலைன்மென்ட் செய்த மறுநாளே சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேய்ந்த வடிவம் தேய்ந்தபடிதான் இருக்கும்.

உறுதி செய்ய, முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும், பக்கம் மாற்றாமல் மாட்டி அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் முன்னாலிருந்து பின்னால் போய்விட்டால் டயர். இடம் மாறாவிட்டால் டயர் மேல் பழி போடாதீர்கள். அரை மணி நேர வேலை இது. டயர் விற்கும் முன் இதைச் செய்யாத கடையில் டயர் வாங்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. கூடவே டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளை அடுத்து வரும் கடைசி நாலு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வயதான ரப்பர் இறுகி, பட்டன் இருந்தாலும் இரையும். காற்று, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படிதான் இருக்க வேண்டும், அதையும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மதுரை வெயிலில் ஓடி வந்த டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதை இறக்கிவிடாதீர்கள்.

பேரிங்குக்கு வருவோம். நீண்ட வளைவில் கவனித்துக் கேளுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரத்தில் இறங்கும். அப்போது சத்தம் கூடி, இடப்பக்கம் திரும்பும்போது குறைந்தால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங். பிறகு சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனின் குண்டு மூட்டு), இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி). ஆட்டமே இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரையும் பேரிங் பலவற்றில் ஆட்டம் இருக்காது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் வையுங்கள். மணலை அரைப்பது போன்ற அதிர்வு விரலுக்கு வரும்.

மாற்றும்போதும் கோளாறு நடக்கிறது. அழுத்திப் பொருத்தும் வகைப் பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துத்தான் இறக்க வேண்டும். நக்கிளுக்குள் (பேரிங்கைத் தாங்கும் இரும்புக் கூடு) இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். சம்மட்டியால் அடித்தாலோ உள் வளையத்தை அழுத்தினாலோ அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழும். புதுப் பேரிங் சில மாதத்திலேயே இரைய ஆரம்பிப்பது இதனால்தான். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் பேரிங்கின் காந்த வளையம் உள்ள பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் நட்டை ஏர் கன்னால் இறுக்கி முடிக்காமல், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள்.

நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் இணைப்புகளைத் தாண்டும்போது வரும் 'டொம் டொம்' சத்தம் இயல்பானது. இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே இணைப்பைத்தான் தாண்டுகின்றன, ஒரு பக்கம் மட்டும் இரும்பு தட்டினால் அந்தப் பக்கத்து ஷாக் மவுண்ட்டையோ புஷ்ஷையோ பாருங்கள். எண்பதுக்கு மேல் மட்டும் கதவோரம் சீறினால் காரணம் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்: ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், இழுவையே இல்லாமல் வந்தால் அந்த இடம் ஒட்டவில்லை. மோதிச் சரிசெய்த வண்டியில் சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் தட்டி திரும்பப் பொருத்தப்பட்டதா என்றும் பாருங்கள்.

மாநகராட்சிக்கும் ஒரு கோரிக்கை. ஓடிச் சூடான பேரிங் தேங்கிய நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெட்டு, குண்டு ஓடும் தடம் துருப்பிடிக்கும். மழைநாளில் ரயில்வே சுரங்கப்பாதைகளில் வண்டி இறங்குமுன் தெரியும்படி நீர்மட்ட அளவுகோல் வரைந்து வையுங்கள்.

பேரிங் மாற்றினால் கழற்றியதைக் கேட்டு வாங்கி, துணியால் கிரீஸைத் துடைத்து, குண்டு ஓடிய தடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அம்மைத் தழும்பு போல் குழிகளோ துருக்கோடோ இருக்க வேண்டும். தடம் கண்ணாடி போல் பளபளத்தால், இரைந்தது அந்தப் பேரிங்காக இருக்க வாய்ப்பு குறைவு. பணம் கொடுக்குமுன் இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கார் பட்டறைத் தொழிலாளர்கள்,
மதுரை.