மருந்தடித்தவன் எழுதுவது

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லோரும் நலம். ரப்பர் தளிர்விட்டு, பெட்டிகளில் தேன் ஏறத் தொடங்கிவிட்டது. ரப்பர் தேன் பூவில் இல்லை, இலைக்காம்பில் சுரக்கிறது என்றால் உன் தோழிகள் நம்பவில்லையாமே. அம்மா படம் அனுப்புவாள்.

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்த மீட் ஊரைப் பற்றி நீ சொன்னதே மனசில் ஓடுகிறது. விற்காமல் மிஞ்சிய, பூச்சிமருந்து பூசிய சோள விதையை எத்தனால் எரிபொருளுக்குக் காய்ச்சி, மாட்டுக்குக்கூடப் போட முடியாத சக்கையை மலையாகக் குவித்திருக்கிறார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகப் பண்ணையில் பெட்டி பெட்டியாகத் தேனீ செத்தும், ஆலை மூட 2021 ஆகியிருக்கிறது. ஆனால் போனில் நீ "எல்லாம் இந்த விவசாயிகளால்தான்" என்றாய். விதை கைக்கு வரும்போதே மருந்தோடு வந்தால் அவன் என்ன செய்வான்? அதற்காக விவசாயி உத்தமன் என்று சொல்ல வரவில்லை. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது குத்தகை நிலத்தில் பாகல் பந்தல் போட்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு, பூ விரிந்து தேனீ மொய்க்கிற நேரத்தில் மருந்தடித்தேன். கடைக்காரர் அளவு சொன்னார், நேரம் சொல்லவில்லை. மறுநாள் தாத்தாவின் பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் மல்லாந்து சுழன்றுகொண்டிருந்தன. செத்தவற்றுக்கு நாக்கு வெளியே நீட்டியிருந்தது. 1991-92-இல் வந்த தேனீ நோயில் முக்கால்வாசிப் பெட்டியைப் பறிகொடுத்தவர் தாத்தா. "பழைய சீக்கு திரும்பிவிட்டது" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன். தாத்தா பெட்டியிலிருந்து ஒரு தேனடைச் சட்டத்தை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அந்தச் சீக்கில் புழுதான் பைபோல உப்பிச் சாகும். இதில் புழுவெல்லாம் வெள்ளைவெளேரென்று நன்றாகவே இருந்தது. சட்டத்தைத் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் மருந்துப் பம்பைத் தொடுகிறேன். நீ ஆராய்ச்சி செய்யும் அந்த விதை மருந்தோ விதையிலிருந்து செடிக்குள் ஏறி மகரந்தத்துக்கே வந்துவிடுகிறதாம். அதற்குக் காலை என்ன, மாலை என்ன.

அப்புறம், பெட்டி வாசலில் செத்த தேனீயை எண்ண ஒரு தட்டு வைப்பதாகச் சொன்னாயே, அதன் அளவை அனுப்பு. ஆசாரியிடம் சொல்லி நாலு செய்ய வேண்டும். பக்கத்து வாழைத்தோப்புக்குப் புதுக் குத்தகைக்காரர் வந்திருக்கிறார். நாளைக்குப் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா