இறகுப் போர்வைக்குப் பதினாறாம் நம்பர் ஊசியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், வாத்து இறகுப் போர்வையில் தையல் விட்டுப்போனால் தடித்த ஊசியும் கெட்டி நூலும் போட்டு இரண்டு ஓட்டு ஓட்டிவிடுங்கள் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. வாசித்ததுமே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அதே காரியத்தை நான் செய்து பட்டவள்.

தாப்பா வெயிலில் யாருக்கு இறகுப் போர்வை என்று கேட்பீர்கள். கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. மேலே குளிரில் இருப்பவர்கள் கீழே வரும்போது என்னிடம் தைக்கப் போடுவார்கள். முதல் போர்வை வந்தபோது, தோட்டத்து லயத்தில் அம்மா இலவம் பஞ்சுத் தலையணை தைத்த நினைப்பில் 16ஆம் நம்பர் ஊசி மாட்டி, ஜீன்ஸ் நூல் கோத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் போர்வை கொடுத்த அம்மா திரும்பி வந்தார். கோழி உரித்த இடம் மாதிரி வீடெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பறக்கிறதாம். போர்வையின் ஓரத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இடியாப்ப அச்சுதான்! ஒவ்வொரு தையலிலும் நூலைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தது.

இலவம் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு கிடக்கும். இறகுப் போர்வைக்குள் இருக்கும் தூவி அப்படியில்லை. காம்பே இல்லாத மென்மயிர், துளி இடுக்கு கிடைத்தாலும் வெளியே வந்துவிடும். அதனால்தான் அந்த உறைத் துணியை அவ்வளவு நெருக்கமாக நெய்கிறார்கள். அதில் நாமே போய் ஆணியடித்த மாதிரி ஓட்டை போட்டால் எப்படி?

இப்போது நான் போடுவது 70/10 ஊசி, அதாவது 10ஆம் நம்பர். முதல் எண் ஊசியின் தடிமன், அதாவது 0.70 மில்லிமீட்டர். முனை கூராக இருக்க வேண்டும். பாக்கெட்டில் மைக்ரோடெக்ஸ் என்று போட்டிருக்கும். டீ-சர்ட் துணிக்குப் போடும் உருண்டை முனை இதற்கு ஆகாது. தைக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றிவிடுங்கள். நான் போர்வைக்கு ஒரு புது ஊசி எடுத்துவிடுவேன். ஊசி என்ன விலை விற்கிறது, இதிலா கஞ்சத்தனம்?

நூலில்தான் பலர் குழம்புகிறார்கள். ஊசியில் நம்பர் ஏற ஏறத் தடிமன் கூடும், நூலில் நம்பர் ஏற ஏற மெலியும். 120ஆம் நம்பர் பாலியஸ்டர் நூல் போதும். கெட்டி நூலை மெல்லிய ஊசியில் கோத்தால் காதிலேயே உரசிப் பிய்ந்துவிடும்.

அப்புறம் அந்த இரண்டு ஓட்டு. தையல் நீளம் 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டருக்கு 500 துளை. 3 வைத்தால் 330 சொச்சம். இரண்டு ஓட்டு ஓட்டினால் இரட்டிப்பு. குண்டூசியும் குத்தாதீர்கள், துணி காயப்போடும் கிளிப்பே போதும். தப்பாகத் தைத்துவிட்டால் அதே கோட்டில் பிரித்துத் தைக்கவும் வேண்டாம், பழைய துளை எங்கே போகும்? அந்த அம்மாவின் போர்வையில் கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒரே ஒரு ஓட்டுப் போட்டேன். பழைய துளைகளெல்லாம் தையலுக்கு வெளியே, ஓரத்தோடு நின்றுவிட்டன. போர்வை கொஞ்சம் சிறுத்ததுதான், கூலி நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் 14, 16 தவிர வேறு ஊசி எடுத்துக் கொடுப்பதில்லை. ஈப்போவுக்குப் போகும்போது நான்கைந்து பாக்கெட்டாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். அந்தக் குறிப்பை எழுதியவர் அடுத்த வாரம் ஊசி நம்பரை மட்டுமாவது திருத்திப் போட்டால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
தாப்பா, பேராக்