மண் வேலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பாலத்தின் இருபுறமும் அணுகுசாலைக்கு மண் நிரப்பும் வேலை முடிந்து, ஒப்படைத்தும் ஆகிவிட்டது. அப்பா தொடங்கியது, இப்போது சித்தப்பா, அண்ணன், அண்ணி, நான் எனக் குடும்பமாகவே நடத்தும் சின்ன கம்பெனி எங்களுடையது. 'இவர்களுக்கு இது தாங்காது' என்று சிலர் சொன்னதும் காதில் விழுந்தது. தாங்கியது நாங்கள் மட்டுமல்ல என்பதால்தான் இந்த மடல்.

மண் பரிசோதனைக்கு வந்த தம்பிக்கு முதல் நன்றி. மண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, ரோலர் ஓட்டி, சோதனையில் தேறினால்தான் அடுத்த அடுக்கு. மழைக்குப் பிறகு போட்ட ஓர் அடுக்கில் தம்பி குழி எடுத்து, அந்த மண்ணை நிறுத்து, குழியில் மணலை நிரப்பிக் கணக்குப் பார்த்தார். ஆய்வகத்தில் அந்த மண்ணுக்குக் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வேண்டிய இடத்தில் 92தான் வந்தது. டிப்பர்கள் வரிசையில் நிற்கின்றன. தம்பி கையெழுத்துப் போடவில்லை. ஈரம் மிஞ்சிய மண்ணை எத்தனை நடை உருட்டினாலும் இறுகாது. கிளறிக் காயவிட்டுத்தான் மறுபடி உருட்ட வேண்டும். விட்டிருந்தால் பாலமும் சாலையும் சேரும் இடத்தில் மண் இறங்கி, போகிற வண்டியையெல்லாம் தூக்கிப்போடும். அன்று தம்பியைத் திட்டித் தீர்த்த சித்தப்பாதான் இங்கே அவரை முதலில் எழுதச் சொன்னார். (பெயர் வேண்டாம் என்று தம்பியே கேட்டுக்கொண்டார்.)

வரைபடத்தில் இல்லாத பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று தோண்டும் வழியில் கிடப்பதாக, பக்கத்து நிலத்துப் பெரியவர் நடந்து வந்து சொன்னார். எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர் அண்ணன் பக்கெட்டால் மேல்மண்ணைச் சீவிச் சீவி எடுத்துவிட்டு, குழாயை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி, மண்வெட்டியோடு தானே இறங்கிவிட்டார். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி.

பில் பாஸாக மாதக்கணக்கில் ஆகலாம். டீசலும் கூலியும் அன்றன்றைக்கு வேண்டும். எங்கள் வாய்ச்சொல்லை நம்பிக் கடனுக்கு டீசல் ஊற்றியவருக்கும், ராத்திரியில் கடையைத் திறந்து ஹைட்ராலிக் ஹோஸ் (இயந்திரத்தில் அழுத்தத்தோடு எண்ணெய் போகும் குழாய்) எடுத்துக் கொடுத்தவருக்கும் நன்றி. இந்தத் தொழிலில் பாதி, பணம் வரும்வரை தாக்குப்பிடிப்பதுதான். தோண்டினால் மண் பொலபொலத்துப் பெருகும், உருட்டினால் சுருங்கும். இரண்டு கணக்கையும் லோடு லோடாக எழுதிவைத்த அண்ணிக்கு வீட்டில் நன்றி சொன்னால் சிரிக்கிறார். ஆகவே இங்கே.

புழுதியைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், தண்ணீர் லாரி ஓட்டி அதை அடக்கிய அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த மழைக்காலம் முழுவதும் கரைச் சரிவுகளைப் பார்க்க வந்துபோவோம். மண் அரிப்போ விரிசலோ கண்ணில் பட்டால், எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கம்பெனிக் குடும்பத்தார்