செவந்தி லத்தி போட்ட மத்தியானம்

ஊர்க்காரர்களுக்கும், ஓரம்பரைகளுக்கும், எங்களிடம் குதிரை ஓட்டிப் பழக வரும் பிள்ளைகளின் வீட்டாருக்கும் வணக்கமுங்க.

சித்திரைக் கடைசியில் எங்கள் குதிரை செவந்திக்கு வயிற்று நோவு வந்ததை ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றுகூடக் காங்கேயத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. யாரும் எதையும் வைக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அதைச் சொல்லிவிட்டு நன்றி சொல்வதுதான் முறை.

அந்த வாரம் போர் மோட்டாரில் காயில் எரிந்துபோனது. டிரம்மில் இருந்த தண்ணீரை மாடுகளுக்கு முதலில் காட்டினேன். குதிரைத் தொட்டியில் பாதிக்குக் கீழேதான் கிடந்தது. அதுவும் கத்திரி வெயிலில் சூடேறி, பாசி வாடை அடித்தது. செவந்தி மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் குடிப்பாள் என்று விட்டுவிட்டேன். அதே நேரத்தில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் காய்ந்து தீர்ந்துவிட்டதால், ஒரே நாளில் முழுக்கச் சோளத்தட்டுக்கு மாற்றினேன். தீனி மாற்றுவதானால் ஏழெட்டு நாளாவது பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூட. தண்ணீர் குறைந்து வறட்டுத் தட்டு உள்ளே போனால், பெருங்குடல் மடங்கிக் குறுகும் இடத்தில் அது அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அந்த வலிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பேர் கோலிக்.

முதல் நன்றி, ஆடு மேய்க்கும் அப்பாருக்கு. சின்ன வயதில் பழனியில் ஜட்கா குதிரை வண்டி ஓட்டியவர் அவர். அன்றைக்குப் பொழுதோட, ஆட்டைப் பட்டியில் அடைக்கப் போகிற வழியில் நின்றார். “அம்மிணி, உன்ற குதிரை வவுத்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. என்னன்னு போயிப் பாரு சாமி” என்றார். ஈ கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால், முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு நிற்கிறாள். செவந்தி, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியோடு நுனி தொடும். யார் வந்தாலும் அந்தக் காதுகள்தான் முதலில் திரும்பும். அன்றைக்கு நான் பேர் சொல்லிக் கூப்பிட்டும் அவை அசையவில்லை. அப்பாரு அவள் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “எரைச்சலே இல்ல” என்றார். நல்லாயிருக்கிற குதிரைக்கு வயிற்றில் எந்நேரமும் கடகடவென்று சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றுபோனால் ஆபத்து. அப்பாரு சொல்லியிருக்காவிட்டால் விடியக்காலையில்தான் கவனித்திருப்பேன்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் வீட்டுக்கு ஓடிப்போய் விளக்கெண்ணெயும் மூங்கில் குழாயும் எடுத்து வந்துவிட்டார். மாட்டுக்கு ஊற்றுகிற மாதிரி வாயில் ஊற்றலாம் என்று தலையையும் தூக்கிப் பிடித்தாகிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். தடுத்தது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம்ம ஊர்ப் பெண். வீடியோவில் பார்த்துக்கொண்டே, “அக்கா, ஊத்தாதீங்க! நுரையீரலுக்குப் போயிரும்” என்று கத்தினாள். தாடைக்குக் கீழே விரலை வைத்து நாடி பார்க்கச் சொன்னாள். 15 விநாடிக்கு 17. அதாவது நிமிஷத்துக்கு 68. சும்மா நிற்கிற குதிரைக்கு 28-லிருந்து 44-க்குள் இருக்க வேண்டும். எண்ணைச் சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. தீனி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, குதிரை பார்க்கத் தெரிந்த டாக்டரை அவளே பேசிப் பிடித்துக் கொடுத்தாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ராத்திரி அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. நன்றி கண்ணு.

தண்ணீர் வையுங்கள் என்றால், எங்கே இருக்கிறது தண்ணீர்?

மேக்காலத் தோட்டத்து மாமாவும் நானும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது ஊருக்கே தெரியும். ஈ மொய்க்கிறது, லத்தி நாற்றம் தாங்கவில்லை என்று அவர் சொல்ல, அப்போ நீங்க போடுற கோழி எரு மட்டும் மணக்குதுங்களா என்று நான் கேட்கப் போய் வந்த வினை. அன்று ராத்திரி சத்தம் கேட்டு டார்ச் லைட்டோடு கிளுவை வேலியோரம் வந்தார். செவந்தியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். எனக்கு அழுகைகூட வந்தது. கால் மணி நேரம் கழித்து வேலிக்கு மேலே ஒரு ஹோஸ் பைப் வந்து விழுந்தது, தண்ணீரோடு. நீளம் பத்தாமல் இன்னொரு பைப்பைச் சைக்கிள் டியூப் வைத்துக் கட்டி இணைத்திருந்தார். தென்னைக்குப் பாய வேண்டிய தண்ணீர் அது. மும்முனைக் கரண்ட் போவதற்குள் தொட்டி, டிரம், கல்யாண அண்டா வரைக்கும் நிரப்பிவிட்டு, தம் மோட்டார் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். மாமா, அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நன்றிங்க மாமா. கோழி எரு விஷயத்தில் நான் பேசியது தப்புங்க.

டாக்டரம்மா வந்து சேரும்போது ராத்திரி 11 மணி. தம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தோள் வரைக்கும் கையுறை மாட்டி உள்ளே கைவிட்டுப் பார்த்து, அடைப்பு இருக்கிறது, ஆனால் குடல் முறுக்கிக்கொள்ளவில்லை என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் டியூப் விட்டு, அது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, 3 லிட்டர் லிக்விட் பாரஃபின் எண்ணெயும், அப்புறம் உப்புக் கலந்த தண்ணீரும் இறக்கினார். “காலைக்குள்ள இளகலைன்னா ஆபரேஷனுக்குக் கொண்டுபோறதைப் பத்தி யோசிக்கணும்” என்று ஒளிக்காமல் சொன்னார். மருந்துக் காசும் பெட்ரோல் காசும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடித்து வந்த நாலு பையன்கள், சாப்பிடக்கூடப் போகாமல் செவந்தியை இட்டேரித் தடத்தில் மாற்றி மாற்றி நடத்தினார்கள். விடிய விடிய நடத்த வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். டாக்டரம்மா நிறுத்திவிட்டார். படுத்து உருளப் போனால் எழுப்பிப் பத்து நிமிஷம் நடத்துங்கள், அமைதியாக நின்றால் நிற்க விடுங்கள், நோவில் இருக்கிற உயிரைக் களைப்பாக்காதீர்கள் என்றார். பையன்கள் அப்புறமும் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டகையில் இருந்த கூர்மையான தகரம், ஆணி எல்லாம் பிடுங்கிப் போட்டு, மணல் கொட்டி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். தம்பிகளா, ஆளுக்கு ஒரு வேளை கறிச்சோறு பாக்கி இருக்கிறது.

விடியும்போது நாடி 56. லத்தி வரவில்லை.

காலையில் என் மாடுகள் கத்தவேயில்லை என்பது ஒன்பது மணிக்கு மேல்தான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, கட்டுத்தரை கூட்டி, தட்டும் போட்டாகிவிட்டது. கிழக்கு வளவு அக்கா. நான் பார்த்தபோது கன்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். “நீ அந்தக் குதிரையப் பாரு, போ” என்று விரட்டினார். இதைப் பற்றி யாரும் அவரிடம் பேசிவிட வேண்டாம், வெட்கப்படுவார். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் 2 மணி 20 நிமிஷத்துக்குச் செவந்தி வாலைத் தூக்கினாள். ஏழு உருண்டை. கல் மாதிரி, மேலே சளி படிந்து. டாக்டரம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வாழ்க்கையில் இப்படி ஒரு படத்தை இவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் அனுப்பியதில்லை. பையன்கள் விசிலடித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாமா, “இந்த நாத்தத்துக்குத்தான அம்மிணி எட்டு மாசம் மொறைச்சுக்கிட்டோம்” என்றார். அதற்கு அடுத்தது சாயங்காலம், கொஞ்சம் இளகலாக. அதோடு அப்படியே தேறிவிட்டாள். தீனியை மூன்று நாள் பிடிவாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தோம். அவள் பார்த்த பார்வையைத் தாங்கிக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும் ஒரு நன்றி.

பிள்ளைகளைக் குதிரை பழக அனுப்பும் வீடுகளிலிருந்து பணமும் வந்தது. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மருந்துச் செலவு போக மிஞ்சியதில் இரண்டாவது தண்ணீர்த் தொட்டி கட்டியாகிவிட்டது, நிழலில். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுகிற வேலை பிள்ளைகளுடையது, அவர்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டது. சோளத்தட்டு வாங்கிய காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன தீவனக் கடைக்காரருக்கு ஆடி பிறப்பதற்குள் தீர்த்துவிடுகிறேன். லத்திக் குழியை வேலியோரத்திலிருந்து எடுத்துக் கிழக்கே தள்ளிப் போட்டுவிட்டோம். மக்கினது மாமாவின் தென்னைக்குப் போகிறது. அவர் விடுகிற தண்ணீரில் ஐந்து சென்ட்டில் தீவனத்துக்குக் குதிரை மசால் விதைத்திருக்கிறோம், முளைத்துவிட்டது.

வந்து பார்க்க நினைப்பவர்கள் பொழுதோட வாங்க, வெயிலில் அவளை வெளியே விடுவதில்லை. கையில் வெல்லம், பழம், மிச்சச் சோறு எதுவும் கொண்டுவர வேண்டாம். அன்பாகத்தான் கொண்டுவருவீர்கள், தெரியும், இருந்தாலும் வேண்டாமுங்க.

அப்புறம் மாமா, உங்க ஹோஸ் பைப் இரண்டும் இன்னும் எங்க சாளையில்தான் கிடக்கின்றன. சைக்கிள் டியூப் கட்டிய இடத்தில் ஒழுகுகிறது. புது இணைப்பு வாங்கி மாட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேனுங்க.